மொட்டைப்பாறைக்கு மேலே

மலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிற தொழிலில் ஒரு சௌகரியம், மலைக்கு வாய் கிடையாது. வருகிறவர்களுக்கு அதுக்கும் சேர்த்து இருக்கும். ஜவுளிக்கடையில் நூறு சேலையை உருவிப் போட்டுவிட்டு, "இன்னொரு நாளைக்கு வாரோம்ப்பா" என்ற பேச்சை வாங்கிக்கொண்ட கடைப்பையன்கள் யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் அவர்களுக்கு விளக்கிச் சொல்லாமலே புரியும்.

யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். மதுரை ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சின்ன லாட்ஜில் எனக்குக் கைடு வேலை. லாட்ஜில் தங்குகிறவர்களையும், ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க ஆசைப்படும் உள்ளூர்க்காரர்களையும் காலை ரயிலில் வாடிப்பட்டிக்குக் கூட்டிப்போய், சிறுமலையில் ஏற்றி, உச்சியைக் காட்டி, சாயங்கால ரயிலில் சேதாரமில்லாமல் கொண்டுவந்து சேர்க்கவேண்டும்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் யாரும் என்னை வேலையைவிட்டுத் தூக்க முடியாது. நான் காட்டினது உச்சியே இல்லை. நிஜ உச்சிக்குக் கழுகுமுடி என்று பேர். அங்கே போய்த் திரும்பினால் சாயங்கால ரயில் போயே போச்சு. அதனால் எனக்கு முன்னால் இருந்த கைடு ஒரு ஏற்பாடு பண்ணி வைத்திருந்தார். பாதி மலைக்குக் கொஞ்சம் மேலே மொட்டைப்பாறை என்று ஒன்று. அதற்குப் பின்னால் மரங்கள் நெருக்கமாக நிற்கும். மேலே இன்னும் மலை இருப்பது லேசில் தெரியாது. வந்தவர்களைத் தெற்கே பார்த்து உட்காரவைத்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் புளியோதரையைப் பிரித்துவிட வேண்டும். சோற்றைக் கண்டவன் எவனும் பின்னால் திரும்பிப் பார்க்கமாட்டான். நாலு வருஷத்தில் நான் கழுகுமுடியில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை.

வடகம்

மொட்டைப்பாறையில் நின்றால் வைகை ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். வானம் தெளிவாக இருந்தால், ரொம்பத் தூரத்தில் கோபுரங்கள் மாதிரி ஏதோ தெரியும். கோபுரமா, பனைமரமா என்று எனக்கே சந்தேகம்தான். "அதோ மீனாட்சி கோயில்" என்று கையை நீட்டினால் போதும், பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

ஒரு தடவை சிம்மக்கல் மளிகைக்கடைக்காரர் ஒருத்தர் வந்தார். ஏறும்போது பத்து இடத்தில் உட்கார்ந்து என் உயிரை வாங்கினவர். மேலே வந்ததும் கோபுரத்தைப் பார்த்தார், அதிலிருந்து கணக்காக விரலை நகர்த்தித் தன் தெருவைப் பிடித்தார், அப்புறம் வீட்டையே பிடித்துவிட்டார். இருபது மைலுக்குக் குறையாது, ஐயா! மேற்கே மேகம் கறுத்து வருவதைப் பார்த்தவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து கத்தினார்: "அந்தா மாடியில வடகம் காயுது, மழை வாரது கூடத் தெரியாம இந்தக் கழுதை உள்ள என்னதான் செய்யுறா!"

அத்தர்

கோரிப்பாளையத்து பாய் ஒருத்தர் அத்தர் வியாபாரி. தங்கமான மனுஷன், நடையும் நல்ல நடை. மலைக்குரங்குகளைப் பற்றி அடிவாரத்திலேயே சொல்லிவைத்தேன். சாப்பாட்டுப் பொட்டலத்தை ஜிப்பாவுக்குள் கட்டிக்கொண்டார். அத்தர்க் குப்பியை மட்டும் கையிலேயே வைத்திருந்தார். குரங்குக்கு அது எதுக்கு என்ற நினைப்பு.

குரங்கு என்னத்தைக் கண்டது? ஒரு தாட்டியான கடுவன் குப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பாறையில் ஒரு தட்டுத் தட்டி, நெஞ்சு முழுக்கக் கவிழ்த்துக்கொண்டது. கூட்டத்துக் குரங்குகளெல்லாம் கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு, இது நம்ம ஆளே இல்லை என்று முடிவுகட்டி, அதை மலைச்சரிவு வரைக்கும் துரத்தின. எனக்கு பாய் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் தாடியைத் தடவிக்கொண்டு ரொம்ப யோசனையாகச் சொன்னார்: "சொந்த ஜமாத்தே அடையாளம் தெரியாமத் துரத்துற அளவுக்கு நம்ம சரக்கு அசலுன்னு இன்னைக்குத்தான் தம்பி எனக்கே தெரியுது!"

மாமா போட்ட நிபந்தனை

இந்தச் சமயத்தில்தான் என் கல்யாணப் பேச்சு வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் என் தாய்மாமனுக்கு ஒரே மகள், பேச்சி. வண்டியூர்த் தெப்பத் திருவிழாக் கூட்டத்தில் கரும்பைக் கடித்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே கிடையாது. ஆனால் தாலுகா கச்சேரியில் மார்பில் டவாலிப் பட்டை போட்ட சேவகன் ஒருத்தனும் அவளைக் கேட்டுவிட்டுப் போயிருந்தான். டவாலிக்கு முன்னால் கைடு எம்மாத்திரம்?

நான் போய் நின்றேன். என் வேலையைப் பற்றி ஒரு மணி நேரம் அளந்தேன். மாமா வெற்றிலையை மென்று முடித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ஊர்சனத்தை நம்பவச்சு உச்சிக்குக் கூட்டிட்டுப் போயி பத்திரமா இறக்குறவன்னா எம்மகளைத் தாரேன், ஆனா வாரதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை நானும் கூட வந்து எங்கண்ணால பாக்கணும் மாப்ள."

பூகோள வாத்தியார்

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே எனக்கு ஒரு கண்டம் வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிற சார் ஒருத்தர், கையில் மேப்போடும் திசைகாட்டும் கருவியோடும் வந்தார். புளியோதரையைப் பிரித்தேன், மனுஷன் சீண்டவே இல்லை. மேப்பை விரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு வடக்கே இன்னும் உயரமா ஒண்ணு இருக்கணுமேப்பா?" என்றார்.

"இருந்துச்சு சார். போன ஐப்பசி மழைக்குச் சரிஞ்சு விழுந்துருச்சு" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய்! அவர் என்னை நம்பினார், அதுதான் கொடுமை. பென்சிலை எடுத்து அந்த உச்சியை மேப்பில் அடித்துவிட்டு, என் தோளைத் தட்டிக்கொடுத்தார்: "நல்லவேளை சொன்னேப்பா, நாளைக்கே பிள்ளைகளுக்கு இதைத் திருத்திச் சொல்லிடுறேன்."

இருமல்

மாமா வந்த ஞாயிறு. அன்றைக்கு ஒரு வக்கீலும் அவர் சம்சாரமும்தான் பார்ட்டி. மாமா தலைப்பாகையும் கம்புமாக வந்தார். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்: "இளவட்டத்துல இந்த மலையில மூணு வருசம் ஆட்டுக்கிடை போட்டிருக்கேன் மாப்ள. அம்புட்டுப் பாறையும் தெரியும்." நாலு வருஷம் நான் ஏமாற்றின ஜனங்களெல்லாம் வரிசையாகக் கண்முன்னால் வந்து போனார்கள். வரிசையின் கடைசியில் பேச்சி டவாலிக்காரன் பின்னால் நடந்து போனாள்.

மொட்டைப்பாறைக்கு வந்தோம். பழக்க தோஷம், கை தானாகவே புளியோதரையைப் பிரித்துவிட்டது. வக்கீலம்மா, "ஆஹா, என்ன காட்சி!" என்று உட்கார்ந்துவிட்டார். மாமா உட்காரவில்லை. பின்னால் திரும்பி மரங்களுக்கு மேலே பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "ஏன் மாப்ள, இங்க எதுக்கு உக்கார வச்சுட்ட?" வக்கீலுக்குக் காது கூர்மை. "ஏம்ப்பா, இது உச்சியில்லையா?" என்றார், கோர்ட்டில் கேட்கிற மாதிரி.

உச்சிதான் என்றால் பொண்ணு போச்சு. இல்லை என்றால் வேலை போச்சு. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாட்டுக்கு இங்க நிறுத்துறது வழக்கம் சார். உச்சி இனிமேத்தான்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வழி யாருக்குத் தெரியும்? மரங்களுக்குள் நுழைந்து, தினமும் போகிறவன் மாதிரி கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தேன். பாதையின் முதல் பிரிவில் இடது பக்கம் திரும்பினேன். பின்னால் மாமா இருமினார். நின்றேன். வலது பக்கம் திரும்பினேன், இருமல் நின்றுவிட்டது. அடுத்த பிரிவிலும் அப்படியே. முள்ளும் சருகுமாக இரண்டு மணி நேரம், தப்பாகத் திரும்பும்போதெல்லாம் ஒரு இருமல். "பெரியவருக்குக் கபம் ஜாஸ்தி போல" என்று வக்கீலம்மா இரக்கப்பட்டார். எனக்கோ நன்றியில் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷன் காலில் அங்கேயே விழுந்திருப்பேன். பார்ட்டி பார்க்குமே என்றுதான் விழவில்லை.

கழுகுமுடியில் ஏறி நின்றோம். சுற்றிலும் வெள்ளையாக மேகம். வைகை இல்லை, கோபுரம் இல்லை, பக்கத்தில் நின்ற வக்கீலே பாதிதான் தெரிந்தார். அவர் சம்சாரம் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அந்தப் பாறையிலேயே எல்லாம் ஜோராத் தெரிஞ்சுதே, இங்கே என்ன இருக்குன்னு எங்களை இழுத்துண்டு வந்தே?"

பதில்

இறங்கும்போது அவர்களை முன்னால் விட்டுவிட்டு நானும் மாமாவும் பின்தங்கினோம். அரை மைல் தூரம்தான் போயிருப்போம். எனக்குத் தாங்கவில்லை. "மாமா, நாலு வருசமா எல்லாரையும் அந்தப் பாறையிலதான் உக்கார வச்சு ஏமாத்தினேன். உச்சிக்கு இன்னைக்குத்தான் நானே மொதத்தடவை வாரேன். பொண்ணு இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

மாமா கம்பை ஊன்றி நின்றார். கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு மூஞ்சி. "நீ மொதப் பிரிவுல திரும்பயிலயே அது தெரிஞ்சுபோச்சு. மாட்டிக்கிட்டதும் ஓடாம முன்னாடி நடந்தேல்ல, அதுக்குத்தான் இருமினேன்" என்றார். தோளில் கை போட்டுக்கொண்டு இரண்டு அடி நடந்தவர் மறுபடியும் நின்று, விரலை ஆட்டிச் சொன்னார்: "பேச்சியைத் தாரேன் மாப்ள, ஆனா கல்யாணத்தன்னைக்கு எஞ்சனத்தைப் பாதி வழியில எங்கிட்டாச்சும் உக்கார வச்சு, எலையைப் போட்டு, இதான் கல்யாண வீடுன்னு சொல்லிப்புடாத!"

அதற்கப்புறம் ஒன்பது வருஷம், சாயங்கால ரயில் போனால் போகிறதென்று ராத்திரி ரயிலுக்குக் காத்திருந்து, எல்லாரையும் நிஜ உச்சிக்கே கூட்டிக்கொண்டு போனேன். நல்லாயிருக்கு என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.