இரும்பு ஷூவில் பாலே

கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரும்பு ஆலையின் ஆண்டு விழாவுக்கு ஆட்டம் சொல்லித்தர ஒரு மாஸ்டர் வந்தார். நுனிக்காலில் ஆடும் பாலேயையும் நவீன நடனத்தையும் கலப்பவராம். சும்மா நிற்கும்போதுகூட அவர் குதிகால் தரையில் படாது. எங்கள் சேஃப்டி ஷூவின் முனையைத் தட்டிப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“உள்ள இரும்பு வச்சிக்கிறாங்க! இதுல நுனிக்கால்லயே நிக்கலாம் சார்!”

“இன்னா மாஸ்டர், கம்பி விழுந்தா கால் நசுங்காம இருக்கத்தான் அது,” என்றேன்.

“அப்ப இன்னா பயம்? ஏறுங்க!”

விழா மேடையில் எட்டுப் பேர், அவர் சொல்லித்தந்தபடி கையை வளைத்து மெல்ல உயர்த்தி, நுனிக்காலில் எழுந்தோம். மூன்றாவது நொடியே ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். கூட்டம் விசிலடித்தது. மாஸ்டர் ஓடிவந்து எங்களைக் கட்டிக்கொண்டார்.

“ஏறினது பாலே, விழுந்தது மாடர்ன். ரெண்டும் வந்துச்சு பாருங்க!”

அதன்பின் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் கிரேனுக்குச் சைகை காட்டும்போது என் கை இப்போதும் தானாக வளைந்து மெல்ல உயர்கிறது. “தூக்கவா, எறக்கவா?” என்று மேலிருந்து கத்துகிறார் ஆபரேட்டர். எனக்குக் கையை இறக்கத்தான் மனம் வருவதில்லை.