எழிலரசி கத்தரி எடுத்த முப்பது நொடி

ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் பையன்களுக்குக் கொடுக்கும் யூனிஃபார்ம் மூன்றே அளவில் வரும்: பெரிசு, ரொம்பப் பெரிசு, கூடாரம். தென்காசியிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் வந்து, ரூமுக்கு எட்டுப் பேராகப் படுத்துக் கிடக்கிற ஒல்லிப் பையன்கள் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் அழுகைதான் வரும். பக்கத்து லைனில் பெண்பிள்ளைகள் வேலை செய்கிறார்களே! அந்த அழுகையை நம்பித்தான் எழிலரசி வாலாஜாபாத் ரோட்டில் ஒரு தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் மணிமங்கலத்துக்காரி. தாம்பரம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் எட்டு வருஷம் காலர் மட்டும் தைத்தவள். முழுச்சட்டை எப்படி இருக்கும் என்று அந்த எட்டு வருஷத்தில் அவளுக்கு யாரும் காட்டவில்லை. மீதியெல்லாம் தானாகக் கற்றுக்கொண்டது. அதிலே ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. பேண்ட்டை உடம்புக்கேற்ப எவ்வளவு பிடித்தாலும் துணியை வெட்ட மாட்டாள். மிச்சத்தை உள்ளே மடித்துத் தைத்துவிடுவாள். யூனிஃபார்ம் கம்பெனிச் சொத்து, கான்ட்ராக்ட் முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்றைக்குப் பையன் வந்து நின்றால் தையலைப் பிரித்து, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு, பழையபடி கூடாரமாக்கிக் கொடுப்பாள். ஸ்டோரில் வாங்கி வைக்கிறவருக்கு மூக்கில்கூட வியர்க்காது.

யூனிஃபார்மில் கை வைக்கக் கூடாது என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டித்தான் வைத்திருந்தது. அதனால் எழிலரசி கடைக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. ஐந்து வருஷமாக வாய்ச்சொல்லிலேயே வியாபாரம் ஓடியது. நன்றாக ஓடுகிற ஒன்றை நம் ஆட்கள் சும்மா விடுவார்களா?

கொழுந்தன் இனியவன் விடவில்லை. மறைமலை நகரில் பார்த்த வேலையை உதறிவிட்டு, 'பிராண்ட் ஸ்டோரி' சொல்லிக்கொடுக்கிற ஆன்லைன் வகுப்பில் மூன்று வாரம் படித்துத் தேறியவன். மூன்று வாரத்தில் மனிதனுக்கு எவ்வளவு ஞானம் வரும் என்பதற்கு அவனே சாட்சி. வட்ட விளக்கும் ஸ்டாண்டுமாகக் கடைக்கு வந்தான்.

"அண்ணி, ஜனங்க பொருள வாங்கல. கதைய வாங்கறாங்க. ஒங்க கதைல சோகம் எங்க கீது, அத சொல்லுங்க."

"சோகமா? மாசத்துல இருபது நாளு நீ எங்கூட்ல துன்னுகினு கீறியே, அத போடு."

இனியவன் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. வீடியோவுக்கு வாடிக்கையாளர் முகம் ஒன்று வேண்டும் என்றான். அப்போது பேண்ட் பிடிக்க வந்து நின்றவன் வேல்ராஜ், விளாத்திகுளத்துப் பையன். கம்பெனியில் இரண்டு வருஷமாகக் கான்ட்ராக்ட். நிரந்தரம் ஆக்குகிறவர்களின் லிஸ்ட் அடுத்த வாரம் வரும், அதில் தன் பெயர் உண்டென்று சூப்பர்வைசரே சொல்லியிருப்பதாக ஊருக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தான். கூச்சத்தோடு கூடாரத்தில் நின்று முகத்தைக் காட்டினான். சட்டைப் பையின் மேல் கம்பெனிப் பெயர் பளிச்சென்று தெரிந்தது. விளக்கு அவ்வளவு நல்ல விளக்கு.

அவன் மாற்றிக்கொண்டு கொடுத்த பேண்ட்டை எழிலரசி மடிக்கத் தொடங்கினாள். இனியவன் தலையில் கை வைத்தான்.

"அண்ணி, மடிக்கறதெல்லாம் எவன் பாப்பான்? கத்தரிக்கோல எடுத்து சர்ருனு வெட்டுங்க. அந்த சவுண்டுக்கே லைக்கு வுழும்."

"வெட்டுதியளாக்கா?" என்று வேல்ராஜ் பயந்து கேட்டான்.

அவளுக்கும் கை கூசத்தான் செய்தது. ஆனால் போன் திரையில் தன் முகத்தைப் பார்த்துவிட்டாள். எட்டு வருஷம் காலராகவே இருந்தவள், இப்போது வெளிச்சத்தில், கழுத்தில் டேப்போடு, பெரிய கடை முதலாளி மாதிரி இருந்தாள். அந்த முகத்துக்குக் கத்தரி பொருத்தமாக இருந்தது. வெட்டினாள். மிச்சத் துணி முழுவதையும், இரண்டு காலிலும், இடுப்பிலிருந்து கணுக்கால்வரை.

சத்தம் அருமையாக வந்தது. முப்பது நொடி வீடியோ மூன்று நாளில் இரண்டு லட்சம் பேரிடம் போனது. துபாயிலிருந்து ஒருவர் "சூப்பர் சிஸ்டர்" என்று போட்டார். அவர் பேண்ட் பிடிக்க ஒரகடம் வரப்போவதில்லை என்பதை இனியவன் பெரிதுபடுத்தவில்லை.

கம்பெனி செக்யூரிட்டியும் பார்த்தார். திங்கட்கிழமை காலை கேட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவன் பேண்ட்டாக இழுத்துப் பார்த்து, பதினான்கு பேரை நிறுத்திவிட்டார். பழையபடி ஆக்கிக்கொண்டு வந்தால்தான் உள்ளே. பதினான்கு பேரும் ஓட்டமாகக் கடைக்கு வந்தார்கள். விளம்பரம் என்றால் இப்படிக் கூட்டம் கூட்ட வேண்டும்! எழிலரசி தலை நிமிராமல் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள். பதின்மூன்று பேர் கூடாரத்தோடு வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

வேல்ராஜ் நின்றான். அவன் பேண்ட்டில் பிரிக்க ஒன்றுமில்லை.

துண்டுகளைத் தேடி எடுத்து ஒட்டுப் போட்டுப் பார்த்தாள். தையல் கால் நீளத்துக்கும் வரிவரியாகத் தெரிந்தது. செக்யூரிட்டி சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். எழிலரசியே கேட்டுக்குப் போய், "வெட்டனது நான் சார், பையன் மேல தப்பு இல்ல" என்று கும்பிட்டாள். "தெரியும்மா, அதான் வீடியோல பாத்தோமே" என்றார் அவர். ஸ்டோரில் புது செட் கொடுக்க மன்னிப்புக் கடிதம், மூன்று கையெழுத்து, நான்கு நாள். அந்த நான்கு நாளும் ஆப்சென்ட். லிஸ்ட் வியாழக்கிழமை வந்தது, அவன் பெயர் இல்லாமல். அடுத்தது ஆறு மாதம் கழித்து வரலாம்.

சேதி கேட்டு இனியவன் விளக்கோடு ஓடி வந்தான். முகமெல்லாம் பிரகாசம்.

"அண்ணி, இதான் அண்ணி நாம தேடன சோகம்! அந்தப் பையன உக்கார வெச்சி ரெண்டாவது பார்ட்டு..."

"போன எட்றா," என்றாள் எழிலரசி. "என் கண்ணு முன்னால அத அழி. அழிச்சிட்டு எழுந்து போ. இனிமே வூட்டுக்கு வா, துன்னு, போ. கடைப்பக்கம் வராத."

அழித்தான். அதற்குள் நாலு பேர் தங்கள் பக்கத்தில் எடுத்துப் போட்டிருந்தார்கள்; கத்தரிச் சத்தம் இன்னும் எங்கேயோ லைக் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

வீடியோவால் கடை மூடிவிடவில்லை. துணி தொளதொளவென்றுதானே வருகிறது, பையன்கள் எங்கே போவார்கள்? கெடுபிடி கொஞ்சம் தணிந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேல்ராஜும் வந்தான், புது யூனிஃபார்மோடு. அதே கூடார அளவு.

"லேசாப் புடிச்சாப் போதும்க்கா."

மடித்துத் தைத்துக் கொடுத்தாள். காசு வேண்டாம் என்றாள். அவன் கேட்காமல் மிஷின்மேல் வைத்தான். பிறகு பேண்ட்டை உள்பக்கம் திருப்பி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை விரலால் தடவிப் பார்த்தான். மடிப்பு முழுசாக இருந்தது. இன்னொரு காலையும் பார்த்தான்.

"சரிக்கா, வாறேன்."

ஐந்து வருஷத்தில் ஒருத்தன்கூட அப்படித் திருப்பிப் பார்த்ததில்லை. எழிலரசிக்கு அவமானமாக இருந்தது, அவன் மேல் கோபப்படவும் வழியில்லை.

அதற்கப்புறம் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, பேண்ட்டை உள்பக்கம் திருப்பித்தான் கையில் கொடுக்கிறாள்.