பூட்டாமல் விட்ட வெளிக்குழாய்

நாலு வருடத்துக்கு முன், சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தின சனிக்கிழமை. மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் ஒருவரைக் கொண்டும் எழுதுவிக்கவில்லை.

முப்பது வருடமாக அது எங்கள் சொந்த வீடு. உள்வேலை என்னுடையது, வெளிவேலை என் கணவருடையது. அதற்கு முந்தின புரட்டாதியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சும் போய், பராமரிப்பு இல்லத்தில் படுத்துவிட்டார்.

கீழே பேஸ்மென்டில் ஊர்ப்பிள்ளை ஒருத்தி வாடகைக்கு இருந்தாள். நாற்பது வயது இருக்கும். பேக்கரி ஒன்றில் வேலை. அகதி வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தவள். ஐப்பசியில் ஒருநாள் படியேறி வந்து கேட்டாள்.

"அன்ரி, வெளிக்குழாய் பூட்டியாச்சோ? பனிக்கு முதல் அங்கிள் என்ர அறைக்குள்ள வந்து வால்வைப் பூட்டிப்போட்டு, வெளியில மிச்சத் தண்ணியைத் திறந்து விடுறவர் எல்லோ. விட்டால் உறைஞ்சு வெடிச்சிடுமாம்."

"எனக்குத் தெரியாதே? இந்த வீட்டில எத்தினை பனி கண்டனான். நீர் உம்மட வேலையைப் பாரும் பிள்ளை."

வாடகைக்கு இருப்பவள் எனக்குச் சொல்லித் தருவதோ என்ற எண்ணம். பிறகு பூட்டலாம், பேந்து பூட்டலாம் என்று விட்டேன். அந்தப் பேந்து வரவேயில்லை.

அந்த முறை பனி லேசில் விடவில்லை. பங்குனி பிறந்த கையோடு பிள்ளையின் தாய் ஊரில் இறந்துபோனா. வழக்கு முடியாமல் இவள் போக வழியில்லை. செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தாள். நான் சோறு கொண்டு இறங்கி, பக்கத்தில் இருந்தேன். இரண்டு கிழமை கழித்து, அந்தத் தாய் சாகுமுன் தபாலில் போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. மகளைத் தேடி வீட்டுக்கு வந்தவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று, வழக்குக்காகத் தன் கைப்பட எழுதியிருந்தா. பிள்ளை அதை அடுத்த திங்கட்கிழமை வழக்கறிஞரிடம் கொடுக்க இருந்தாள். எனக்கும் வாசித்துக் காட்டினாள். முடிவில், காலுக்குக் கம்பளி மேஸ் போடுகிறாயோ என்று கேட்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தாள். வருடப்பிறப்புக்கு வீடு கழுவாமல் நான் ஒருநாளும் இருந்ததில்லை. வெளிப்படிகளில் குளிர்காலம் முழுக்கப் போட்ட உப்பும் மண்ணும் அப்பியிருந்தன. ஓரத்தில் பனி கறுத்துக் கிடந்தது. ஹோஸ் பைப்பை மாட்டி வெளிக்குழாயைத் திறந்தேன். தண்ணீர் மெலிந்துதான் வந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். நான் இன்னும் முறுக்கித் திறந்தேன். முக்கால் மணித்தியாலம் கழுவினேன். படி பளிச்சென்று வந்தது. அவர் இல்லாமலும் எனக்கு முடியும் என்று நிமிர்ந்து நின்றேன்.

பிள்ளை வேலையால் வந்து கீழ்க்கதவைத் திறந்தாள். கத்தவில்லை.

"அன்ரி, தண்ணியைப் பூட்டுங்கோ."

பனியில் உறைந்த குழாய் சுவருக்குள்ளேயே, திறந்தால் மட்டும் தண்ணீர் ஓடும் இடத்தில் வெடித்திருந்தது. நான் வெளியில் கழுவக் கழுவ, அவளுடைய அறைக்குள் கணுக்காலளவு தண்ணீர். கட்டிலுக்குக் கீழே வழக்குக் காகிதம் வைத்த அட்டைப்பெட்டி ஊறி, தூக்கும்போதே அடி விட்டுவிட்டது.

எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்து, துவாயை விரித்து, ஒவ்வொன்றாக அயன் பெட்டியால் காயவைத்தேன். மற்றவற்றுக்கு வழக்கறிஞரிடம் பிரதி இருந்தது. அந்தக் கடிதத்துக்கு இல்லை. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். கூட்டுவதற்கு ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை, நீலக் கறைதான். அதன் மேலேயே அயன் பெட்டியை வைத்து வைத்து எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"காணும் அன்ரி. கருகப் போகுது."

"குழாய் பழசு பிள்ளை," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஐப்பசியில் கேட்டது அவளுக்கு மறந்திருக்காது.

"ஓம் அன்ரி. பழசாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, கீழே போய்த் தண்ணீரைத் தள்ளத் தொடங்கினாள்.

வழக்கு மற்றக் காகிதங்களை வைத்துச் சரிவந்தது. இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். வருடப்பிறப்புக்கு வருடப்பிறப்பு போன் எடுப்பாள்.

"வீடு கழுவியாச்சோ அன்ரி?"

"வாளியில அள்ளித்தான் கழுவினனான்."

சிரிப்பாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைப்பேன். "வைக்கிறன் பிள்ளை" என்றுதான் வாயில் வரும்.

இப்போது ஐப்பசி பிறந்தால் நானே பேஸ்மென்டுக்கு இறங்கி வால்வைப் பூட்டி, வெளியே வந்து கடைசிச் சொட்டு விழும்வரை நிற்கிறேன். குழாய் பழசில்லை பிள்ளை, நான்தான் பூட்டவில்லை என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும், அந்த ஒரு மூச்சு நாலு வருடமாகியும் எனக்கு வரவில்லை.