டாக்டர் சகாயமேரி எழுதிக் கொடுத்த காயச் சான்று

போன செவ்வாய்க்கிழமை காலை செஞ்சி கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, மருத்துவமனை மருந்தாளுநர் போனில் அழைத்தார். "ஏட்டய்யா, நம்ம டாக்டரம்மா போயிட்டாங்க. காலையில ஜெபம் பண்ண உக்காந்தவங்க, எழுந்திருக்கவே இல்ல." வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை.

காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் டாக்டர் சகாயமேரியிடம் போனவர்கள் உங்களில் நிறையப் பேர். நான் அவரிடம் நோயாளியாகப் போனவன் அல்ல. கைதானவர்களைக் கூட்டிக்கொண்டு போன தலைமைக் காவலர். அதனால் நான் சொல்ல வேண்டியது வேறு.

ஒருவரைக் கைது செய்தால், நீதிபதி முன் நிறுத்துவதற்கு முன்னால் அரசு மருத்துவரிடம் காட்ட வேண்டும். எங்களுக்கு அது பத்து நிமிட வேலை. மருத்துவர் முகத்தைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார்.

வல்லம் பக்கத்து ஏழுமலை கடலைக் காட்டில் கூலி வேலை செய்பவர். கிணற்று மோட்டார் ஒயர் திருடியதாகச் சந்தேகப்பட்டுப் பிடித்தோம். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். இரண்டு நாள் கணக்கில் காட்டாமல் வைத்திருந்தோம். வீட்டுக்குச் சொல்லவில்லை. உள்ளங்காலில் லத்தியால் அடித்து, "ஒத்துக்கோடா" என்றார்கள். நான் அடிக்கவில்லை, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். நாம் கை வைக்கவில்லையே என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் செஞ்சிக்கு மாற்றலாகி வந்த புதிது.

"நீங்க வெளிய நில்லுங்க ஏட்டு."

"ஓடிடுவான் மேடம்."

"ஜன்னல்ல கம்பி இருக்குது. கதவுக்கு வெளிய நீங்க இருக்கீங்க. நடக்கவே முடியாதவரு எங்க ஓடுவாரு?"

ஏழுமலையை அன்று 'அவரு' என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். கதவுக்குப் பின்னால் அவர் கேட்ட கேள்விகள் என் காதில் விழுந்தன. "எப்ப புடிச்சாங்க? வீட்டுக்குச் சொன்னாங்களா? எங்கெங்க வலிக்குது?" ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வரும்வரை காத்திருந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். "இது இன்னா ஏட்டு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் மேடம்."

"வழுக்கி விழுந்தா ரெண்டு உள்ளங்காலும் ஒரே மாதிரி வீங்குமா? கிட்ட வந்து பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

பார்த்தேன். அவர் எழுதினார்: காயங்களின் இடம், அளவு, நிறம், எத்தனை நாள் பழையவை என்பது. அதற்குள் இன்ஸ்பெக்டர் போன் செய்துவிட்டார். "நான் பாத்ததை எழுதியிருக்கேன் சார். சந்தேகமா இருந்தா இன்னொரு டாக்டர் கிட்ட காட்டுங்க. அவங்களும் பாக்கட்டும்" என்று சொல்லி டாக்டர் போனை வைத்துவிட்டார்.

அந்தக் காகிதத்தை நீதிபதி இரண்டு முறை படித்தார். ஏழுமலை சிறைக்குப் போகவில்லை, சிகிச்சைக்குப் போனார். ஒரு மாதத்துக்குள் ஒயர் வேறொருவரிடம் கிடைத்தது. எங்கள் மீது விசாரணை வந்தது. டாக்டரை மலை மேலிருந்த ஒரு சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அங்கேயும் கைதானவர்களைக் கொண்டுவந்தால் அதே மூன்று கேள்விகளைத்தான் கேட்டாராம்.

என் வாக்குமூலத்துக்கு முந்தின வாரம் அவரைப் போய்ப் பார்த்தேன். இன்னா சொல்லட்டும் மேடம் என்று கேட்டேன். "பாத்ததைச் சொல்லுங்க. பாக்காததைச் சொல்லாதீங்க. எனக்காகவும் ஒண்ணும் கூட்டிச் சொல்லாதீங்க" என்றார். அவர் என்னை மன்னிக்க வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. அதையும் கேட்டுவிட்டேன். "அது என் கிட்ட கேக்கறதில்ல ஏட்டு" என்றார்.

உள்ளதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். இருபது வருடம் கூடவே சாப்பிட்டவர்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். வல்லத்துக்கும் போனேன். ஏழுமலை என்னை உட்காரச் சொல்லவில்லை. "இப்ப வந்து இன்னா பண்றது? காலையில எழுந்தா இன்னும் கால ஊன முடியல" என்றார். அவருடைய மனைவிதான் தண்ணீர் கொடுத்தார்.

அடித்தவர்கள் மேல் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. டாக்டர் சாட்சி சொன்ன அன்று எதிர்த்தரப்பு வக்கீல் பகல் முழுக்கக் குறுக்கு விசாரணை செய்தார். போலீஸ் மேல் அவருக்கு என்ன விரோதம் என்று கேட்டார். "விரோதம் இல்ல. நாளைக்கு இந்த இன்ஸ்பெக்டரையே புடிச்சிட்டு வந்தாலும் போலீஸை வெளிய நிக்க வெச்சிட்டுத்தான் பாப்பேன்" என்றார் டாக்டர்.

அடுத்த சாட்சி நான். அவர் இறந்த மறுநாளே பழைய சகா ஒருவர் சொல்லியனுப்பினார்: "டாக்டரம்மாவே போயிட்டாங்க. இனிமே உனக்கு எதுக்கு இந்த டென்ஷன்? ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டு வா, போதும்."

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பியபோது ஏழுமலை, கல்லறைக்காகக் கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். வழக்கு தொடங்கியதிலிருந்து அவராக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"வாய்தாவுக்கு வருவீங்கல்ல ஏட்டய்யா?"

"வருவேன்."

"உள்ள நடந்தது மட்டுமில்ல. நீங்க வெளிய நின்னதையும் சொல்லணும்."

"அதைத்தான் முதல்ல சொல்லப் போறேன்" என்றேன்.

டாக்டர் சகாயமேரியிடமிருந்து எனக்கு மன்னிப்பு கிடைக்கவில்லை. கண்ணால் கண்டதை, கேட்பவர் யாராக இருந்தாலும், குரல் தாழ்த்தாமல் சொல்லும் துணிவு கிடைத்திருக்கிறது. அந்தத் துணிவோடு கோர்ட்டுக்குப் போகிறேன்.