குதிரைக்கு விழுந்த சூடு

இஸ்திரி மேசையாம். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டாள் ஒருத்தி.

வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிபோயிருக்கும் என் பழைய வகுப்புத் தோழி, பெட்டியைக் குடைந்தபோது கிடைத்ததென்று எங்கள் ஏழாம் வகுப்புப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். கறுப்பு வெள்ளை. ஓரம் செல்லரித்த படம். மூன்று வரிசையில் ரெட்டைச் சடைகள், முன்வரிசைக் காலடியில் இரண்டு ஜோடி கர்லாக்கட்டை, ஒரு கனத்த தோல் பந்து. வலது ஓரத்தில் நான்கு மரக் கால்களோடு, தோல் போர்த்து, நீளமாக ஒன்று நிற்கிறது. அது என்ன சாமான் என்று கேட்டிருந்தாள். ஒருத்தி மாட்டுத் தொட்டி என்றாள். இன்னொருத்தி டாக்டர் படுக்க வைக்கும் பெஞ்சு என்றாள். கடைசியாக வந்தது அந்தத் தீர்ப்பு: “இஸ்திரி டேபிள்டி. நல்லா பாரு, பொட்டி வெச்ச சூடுகூட இருக்குது.” அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகள்.

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலே ஆகிவிட்டது. அன்றைக்கும் அந்தச் சூட்டைப் பார்த்துத்தான் எல்லாரும் பேசினார்கள், அதைத் தவிர மற்றதையெல்லாம்.

அது குதிரை. ஓடி வந்து, கைகளை ஊன்றி, கால்களை விரித்துத் தாண்டுகிற குதிரை. எங்கள் பள்ளிக்கு எப்போதோ வந்து, உடைந்த பெஞ்சுகளோடு சாமான் அறையில் கிடந்தது. புதிதாக மாற்றலாகி வந்த டிரில் டீச்சர்தான் அதைத் தூசி தட்டி வெளியே கொண்டுவந்தார். வெள்ளைச் சேலை, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில், அதிகம் பேசாத வாய். பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கென்று பெரிய டீச்சர் முகம் சுளித்தார். டிரில் டீச்சர் விசிலை ஊதினார். நான் ஓடினேன்.

எப்படிச் சொல்வது அதை? கை தோலில் படும், அறைந்த மாதிரி ஒரு சத்தம், பிறகு தரை கிடையாது. ஒரு மூச்சு நேரம், மதிலுக்கு அப்பால் நின்ற அத்தனை பெரிய மலை என் முழங்காலுக்குக் கீழே போகும். இறங்கும்போது திரும்ப எழுந்து தன் இடத்தில் நின்றுகொள்ளும். பதினோரு வயதில் மலையை உட்கார வைத்து எழுப்பியவள் நான். விளையாட்டு விழாவில், கல்வி அதிகாரி முன்னால், முதல் தாண்டல் என்னுடையது என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் எனக்கு உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இடையில் கார்த்திகை தீபம் வந்தது.

தீபத்துக்கு எங்கள் ஊர்ப் பள்ளிகள் எல்லாம் போலீஸ்காரர்களுக்குத்தான். பந்தோபஸ்துக்கு எங்கெங்கிருந்தோ லாரிகளில் வந்து இறங்குவார்கள். கரும்பலகைமேல் பெல்ட்டும் தொப்பியும் தொங்கும், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போக முடியாது. எங்கள் வீடு பள்ளிக்குப் பக்கத்துத் தெரு என்பதால் லீவு முடியும்வரை சாமான் அறைச் சாவியை டிரில் டீச்சர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பாவாடை நாடாவில் முடிந்துகொண்டு திரிந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அந்த வருஷம் வேலூரிலிருந்து வந்த லாரியில் இருந்தார். கான்ஸ்டபிள். தங்கல் என் வகுப்பறையிலேயே. என் மாமா என் பெஞ்சில் படுத்துத் தூங்குகிறார் என்பதைத் தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ. தீபத்தன்று சாயங்காலம் அவர் வந்து இஸ்திரிப் பெட்டி கேட்டார். அம்மா கொட்டாங்குச்சிக் கரியைப் பற்றவைத்துக் கொடுத்தாள். பள்ளிவரை அதைத் தூக்கிக்கொண்டு போனது நான். தேய்க்க இடமில்லை, பெஞ்சுகள் எல்லாம் குறுகல். “நீளமா எதுனா இருக்குதா பாப்பா?” என்றார் மாமா. குதிரையை அவருக்குக் காட்ட இதைவிட வேறு சமயம் வாய்க்குமா? நானே அறையைத் திறந்தேன். நானே காட்டினேன்.

கம்பளியை மடித்துக் குதிரைமேல் போட்டு மாமா தேய்த்தார். கஞ்சி வாசனை. சட்டையின் தோளில் நட்சத்திரங்கள் இருந்தன, ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு. மாமாவுக்கு எப்போது நட்சத்திரம் கொடுத்தார்கள்? எனக்கு மார்பு விம்மியது. அவர் உடம்பில் இருந்த சட்டை கசங்கி, அக்குளில் உப்புப் பூத்திருந்ததையும் பார்த்தேன். பார்த்து என்ன, கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை.

வெளியே விசில் ஊதினார்கள். பெட்டியைக் கம்பளி எட்டாத ஓரத்தில் அப்படியே வைத்துவிட்டு, அந்தச் சட்டையைக் கைக்குழந்தைபோல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மாமா ஓடினார். நானும் மொட்டை மாடிக்கு ஓடினேன், தீபம் பார்க்க. அறையைப் பூட்டவில்லை. ஊரே மலையுச்சியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது கீழே என் குதிரை கருகிக்கொண்டிருந்தது.

பள்ளி திறந்த அன்று கடைசி லாரி இன்னும் மைதானத்தில் நின்றது. என்னைப் பெரிய டீச்சர் அறைக்குக் கூப்பிட்டார்கள். குதிரையையும் அங்கே தூக்கி வைத்திருந்தார்கள். பாதி மேலே, பாதி விலாவில், முக்கோணமாக ஒரு கறுப்பு, நடுவே தேங்காய் நார் தெரிய. பெட்டியை மட்டும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். பெரிய டீச்சருக்கு எதிர் நாற்காலியில் ஒரு சப் இன்ஸ்பெக்டர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தோளில் நட்சத்திரங்கள். சட்டை மொடமொடவென்று நின்றது. அவர் பின்னால் மாமா, விறைப்பாக. டிரில் டீச்சர் சுவரோரம்.

“சாவி யாருகிட்ட இருந்துச்சு?” என்றார் பெரிய டீச்சர்.

என்னிடம்தான் என்றேன். மாமாவைப் பார்த்தேன். இதோ சொல்லப்போகிறார். அவர் தன் பூட்ஸ் முனையைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டி, மாமா, என்று நான் வாயெடுத்தபோது சப் இன்ஸ்பெக்டர் டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“விடுங்கம்மா. பசங்க, தீபத்துக்கு மத்தாப்பு கித்தாப்பு கொளுத்தியிருக்கும்.”

ஆமாங்க சார் என்றார் பெரிய டீச்சர். இன்னும் கொஞ்சம் காப்பி வேண்டுமா என்று கேட்டார். மத்தாப்பு முக்கோணமாகவா எரியும்? இத்தனை படித்தவர்களுக்கு இஸ்திரிப் பெட்டியின் மூக்குத் தெரியாதா? வெளியே மைதானத்தில் வெயிலில் முட்டி போட வைத்தார்கள். முதல் தாண்டல் மட்டுமல்ல, தாண்டலே கிடையாது, யாருக்கும் கிடையாது என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். லாரி என்னைக் கடந்துதான் போனது. பின்பக்கம் உட்கார்ந்திருந்த மாமா கையாட்டவில்லை.

வீட்டில் சொன்னேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார். அம்மா என் முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: “அவனுக்கு மெமோ குடுத்துருவாங்கடி. நீ ஒரு தாண்டு தாண்டலைன்னா என்னா, குடியா முழுகிடும்?”

முழுகியதே அம்மா. என் குடி முழுகியது.

அந்த வாரத்திலேயே படம் எடுக்க வந்தார் ஸ்டூடியோக்காரர். விளையாட்டுச் சாமான்களையும் வைக்க வேண்டும், கருகிய பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடுங்கள் என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டு, சேலை மடிப்பைச் சரிசெய்தபடி நடு நாற்காலியில் உட்கார்ந்தார். டிரில் டீச்சர் எங்கள் நாலு பேரை அழைத்துத் தூக்கச் சொன்னார். சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைத்தோம். ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபோது டீச்சர் தனியாகப் போய், முக்கி, இழுத்து, குதிரையைத் திருப்பினார். சூடு நேராகக் கேமராவைப் பார்த்தது. பிறகு அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

என்னை இப்படி ஊர் பார்க்கச் சந்தி சிரிக்க வைக்கிறாரே என்று நினைத்தேன். நான் செய்யாத குற்றத்தைப் படமாகவும் பிடித்து மாட்டப்போகிறார்கள். அன்றிலிருந்து அவர் மாற்றலாகிப் போகும்வரை அவரிடம் நான் பேசவில்லை. போன அன்று வாசல்வரை மற்ற பெண்கள் ஓடினார்கள். நான் பெஞ்சைவிட்டு எழவில்லை.

கைப்பேசியில் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், நான் மட்டும் கழுத்தைத் திருப்பி டிரில் டீச்சரை முறைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் கை குதிரையின்மேல் இருக்கிறது. ஒரு விரல் நீண்டு, அந்த முக்கோணத்தின் மூக்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.