ஒற்றைக் கைக்கு ஒரு திரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு இன்ஜினியரம்மா வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து லாக் அவுட் செய்கிறாள். கடவுச்சொல் கேட்கும் பெட்டிக்குக் கீழே பல்சக்கரம் மாதிரி ஒரு சின்னக் குறி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். அதை அழுத்தினால் ஐந்து பெயர்கள் வரிசையாக இறங்கும். ஐந்தும் அவள் தேடிப்பிடித்துப் போட்டுவைத்த முகப்புகள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கோப்பும் படமும் பாட்டும் இம்மியும் நகராது; மெனு எங்கே இருக்க வேண்டும், திறந்தவை எப்படி அடுக்கப்பட வேண்டும், பட்டை தடியா மெலிசா என்பதெல்லாம் தலைகீழாக மாறிவிடும். நான்காவது பெயரைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுகிறாள். திரை இருண்டு வெளுக்கும் அந்த இரண்டு வினாடிக்கு மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.

"நேத்து இங்க இருந்த மெனு எங்க போச்சு?" என்று பின்னால் வந்து நிற்கிறார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"மேல போயிருக்கு. அண்ணாந்து பாருங்க."

"ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் மேல கீழ அனுப்புறவன் நான். என் மெனுவை நீ அனுப்புற!"

அவள் இன்ஜினியருக்குப் படித்தவள் அல்ல. பன்னிரண்டாம் வகுப்போடு சரி. பத்தொன்பது வருடமாக ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்து, ஓரம் மழித்து, பொருத்திக் கொடுக்க வேண்டும். கடைக் கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துக்கொண்டபோது அதை எழுப்பி உட்காரவைத்தாள். முதலாளி வைத்த பெயர் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது.

அடுத்தவர் திரையைப் பார்த்தால் அவளுக்குக் கை பரபரக்கும். வங்கிக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கவுண்டருக்கு மேல் எக்கி எட்டிப்பார்ப்பாள். "ஏங்க, எழுத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணிக்கக் கூடாதா? இப்படி இடுக்கி இடுக்கிப் பாத்தா அடுத்த வருஷம் எங்க கடைக்குத்தான் வரணும்" என்பாள். திரை முழுக்க ஐகான்களை இறைத்து வைத்திருப்பவர்களைக் கண்டால் உதடு பிதுங்கும். "துவைச்ச துணியை மடிக்காம கட்டில்ல கொட்டுன மாதிரி!" அவளுடைய திரையில் படம் கிடையாது. வெறும் சாம்பல் நிறம்.

இந்தப் பித்து பிடித்தது ஆறு வருடத்துக்கு முன்பு. கடையில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை முதலாளி தூக்கிக் கொடுத்தார். யாரோ அதில் விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே வந்த முகப்பு பார்க்க லட்சணம்தான், ஆனால் அந்தக் கிழட்டு மெஷினால் அதைச் சுமக்க முடியவில்லை. "ஒரு ஃபைலைத் தொட்டுட்டு நான் போய்க் குளிச்சிட்டு வருவேன். அப்பவும் வட்டம் சுத்திக்கிட்டிருக்கும்." கண்ணாடி மாற்ற வந்த ஒரு டீச்சரிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது, "மெஷின் மேல தப்பில்ல. வந்த முகப்பையே வச்சிருக்கணும்னு யாரு சொன்னா? இலேசா ஒன்னு போட்டுப் பாருங்களேன்" என்றார் அவர்.

போட்டுப் பார்த்தாள். கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண்சிமிட்டியது. நான்கு நாள் அப்படியே கிடந்தது. பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் ஃபோனில் படித்துப் படித்து, ஐந்தாம் நாள் சாயங்காலம் எதையோ சரியாகத் தட்டிவிட்டாள். முகப்பு எழுந்து வந்தது, தொட்டவுடன் திறந்தது. அவள் போட்ட கூச்சலில், மனைவிக்கு ஷாக் அடித்துவிட்டதென்று கணவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவளுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிடும்.

குடும்பத்தில் இதை வேலையற்ற வேலை என்று வாய்விட்டுச் சொன்னவள் ஒருத்தி உண்டு. கணவரின் தங்கை, பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்துபவள். அடுத்தவர் பேச்சிலேயே ஒற்றுப்பிழை கண்டுபிடிக்கும் காது. "அண்ணி, உங்க வீட்டுக்கு வந்தா தண்ணி எங்க இருக்குன்னு தெரியும், ஆனா கம்ப்யூட்டரை எப்படி அணைக்கிறதுன்னு மட்டும் தெரியாது" என்பாள். இவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக வாசம். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் பகையில்லை. ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் லேசில் ஒப்புக்கொண்டதும் இல்லை.

போன வருடம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் அந்த நாத்தனாருக்கு வலக்கை நரம்பு அடிபட்டுப்போனது. தோள் அசையும், விரல்கள் மூடாது. எட்டு மாதம் பொறுத்த பதிப்பகம், கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தது. அறுபது பக்கம், பத்து நாள். முடிந்தால் பழையபடி தொடரலாம், இல்லாவிட்டால் வேறு ஆள்.

நலம் விசாரிக்கப் போன இன்ஜினியரம்மா, நான்காம் பக்கத்தில் தேங்கி நின்றவளைத்தான் பார்த்தாள். மூலப்பிரதியை ஒருபக்கம், அச்சுப்படியை மறுபக்கம் வைத்து ஒப்பிட வேண்டும். பழகாத இடக்கையால் மவுஸைப் பிடித்து ஒன்றை இழுத்தால் அது இன்னொன்றை மூடியது. ஓரத்தைப் பிடித்துச் சுருக்கப் போனால் நழுவியது.

"கை போனதுகூடப் பரவாயில்ல அண்ணி. கண்ணு நல்லா இருக்கு, மூளை நல்லா இருக்கு. இந்த ரெண்டு டப்பாவைப் பக்கத்துல பக்கத்துல நிக்க வைக்க முடியல."

இன்ஜினியரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு, "முகப்பை மாத்திடுவோமா?" என்றாள்.

"ஐயோ, வேண்டாம்! உங்க வீடு மாதிரி தினம் மெனுவைத் தேட எனக்கு நேரமில்ல."

"இதுல மெனுவே கிடையாது, தேடவே வேண்டாம். பழசும் அப்படியே இருக்கும். பிடிக்கலன்னா உள்ள நுழையும்போதே அதுக்குப் போயிடலாம். ஒரு நாள் குடு."

மறுநாள் கடைக்கு விடுப்புச் சொன்னாள். துப்பட்டாவை எடுத்துத் தன் வலக்கையை நாற்காலி முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாத்தனாரின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பதிப்பகம் கொடுத்திருந்த அதிலும் லினக்ஸ்தான். மதியம் தங்கையைப் பார்க்க வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருடி உன்னைக் கட்டிப்போட்டது?"

"நானேதான். தொந்தரவு பண்ணாதீங்க, இந்தக் கை வேலையா இருக்கு, மூக்கு அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு விட்டுட்டுப் போங்க."

அவள் தேர்ந்தெடுத்த முகப்பில் பட்டை இல்லை, ஐகான் இல்லை, அலங்காரம் எதுவுமே இல்லை. ஒரு கோப்பைத் திறந்தால் திரையை நிறைக்கும். இரண்டாவதைத் திறந்தால் இரண்டும் தாமாகவே சரிபாதியாக ஒதுங்கி நிற்கும். இழுக்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். கட்டளைகள் அத்தனையையும் கீபோர்டின் இடப்பக்க எழுத்துகளுக்கே கொண்டுவந்தாள். ஷிஃப்டை ஒருமுறை தட்டிவிட்டால் அடுத்த எழுத்து வரும்வரை அது காத்திருக்கும்படி செய்தாள். தன் இடது சுண்டுவிரலுக்கு எட்டாத எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

சாயங்காலம் நாத்தனாரை உட்கார வைத்தாள். மூலம் வந்தது, அச்சுப்படி வந்தது, இரண்டும் ஒட்டி நின்றன. நாத்தனாரின் முகம் மலரத் தொடங்கியது. முதல் திருத்தத்தைத் தட்டினாள். திரையில் ஆங்கில எழுத்துகள் வந்தன.

"அண்ணி! தமிழ் வரல! தமிழ்ப் புத்தகம் திருத்துறவளுக்குத் தமிழே வராத கம்ப்யூட்டரா?"

நியாயமான கேள்வி. முகப்புக்குக் கட்டளை சொல்லும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அமைப்புக் கோப்புகளில் மூழ்கியிருந்தவள், தமிழ்த் தட்டச்சைத் தொடக்கத்திலேயே எழுப்பும் ஒரு வரியை மறந்துபோனாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். வரியைச் சேர்த்து, வெளியேறி, மறுபடி நுழைந்தாள். நாத்தனார் இடக்கையால் தட்டித் தட்டி முதலில் எழுதிய சொல் 'அண்ணி'. அடுத்து, "பரவாயில்ல" என்று வாயால் சொன்னாள். அவள் அகராதியில் அதுவே பெரிய பாராட்டு.

அறுபது பக்கமும் எட்டே நாளில் முடிந்தது. பதிப்பகத்திலிருந்து அடுத்த கட்டு வந்த அன்று, கண்ணாடிக் கடைக்கு ஃபோன் வந்தது. எடுத்தால் நாத்தனாரின் சிரிப்புதான் கேட்டது. இன்ஜினியரம்மாவும் இந்தப் பக்கத்திலிருந்து சிரித்தாள். ஒரு கண்ணை மட்டும் மூடிப் பரிசோதித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

போன மாதம் நாத்தனாரின் கம்ப்யூட்டரை எட்டிப்பார்க்கப் போனவள், அமைப்புக் கோப்பைத் திறந்து திகைத்துவிட்டாள். எந்த விசைக்கு என்ன வேலை என்று நினைவுக்காக வரிகளுக்கு மேலே இன்ஜினியரம்மா அன்றைக்கே தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்தாள். 'இத அமுத்துனா பெருசாகும்' என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது 'இதை அழுத்தினால் பெரிதாகும்' என்று இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரு குறிப்பும் தப்பவில்லை. இன்னும் கீழே போனால், திறந்த கோப்பைச் சுற்றி வரும் ஓரக்கோட்டின் நிறத்தைச் சொல்லும் வரியும் மாறியிருந்தது. சாம்பல் போய்க் கத்தரிப்பூ நிறம் வந்திருந்தது. அது இன்ஜினியரம்மா செய்ததல்ல.

"நீயே மாத்துனியா?"

"சாம்பல் கலர் என்ன கலர் அண்ணி? கண்ணுக்கு ஒரு களை வேண்டாமா?"

இந்த ஞாயிற்றுக்கிழமை நான்காவது முகப்பு திறந்து முடித்த நேரத்தில் வாசல்மணி அடித்தது. நாத்தனார் செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக நேரே உள்ளே வந்து, திரையைத் தலைசாய்த்துப் பார்த்தாள். "இது சுமார்தான் அண்ணி. ரெண்டாவதைப் போடுங்க, பார்ப்போம்" என்றாள்.

"ஆண்டவா, இப்ப ரெண்டு பேரா!" என்று கணவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தார்.

இன்ஜினியரம்மா கீபோர்டை இடப்பக்கமாக ஒரு சாண் தள்ளி வைத்தாள். நாற்காலியில் வலது ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, காலியான இடது பாதியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள்.