டாரண்டுக்கு இரண்டு பொருள்

ஹைஸ்கூல் மாணவன் வேலையும் மற்ற வேலைகளைப் போலத்தான். ராஜினாமா மட்டும் செய்ய முடியாது. தென்காசியில் அந்த வேலை பார்க்கிறவன் நான். பெஞ்சில் உட்கார்ந்து தேய்ந்தவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அடுத்தவர் குரலை அப்படியே எடுப்பது. தலைமையாசிரியரின் தும்மல், பியூன் அண்ணாச்சியின் கனைப்பு எல்லாம் என் தொண்டையில் குடியிருக்கின்றன. ஆனால் நான் ஆசை ஆசையாய்ப் பழகிய குரல் கழுத்துத் துணியைக் கழற்றாத எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் மப்ளர் சார்வாளுடையது. போன வருஷம், ஐந்தாவது பாரத்தில், அதாவது பத்தாம் வகுப்பில், அவர் தற்காலிக வாத்தியார். ஆடி மாதம் வரும் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். ஆறாவது பாரத்துக்கும் அவரேதான். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த மூட்டையைத் தூக்கி பஸ்ஸில் போட நாற்பது பேர் தயாராக இருந்தோம்.

நாலு கட்ட நோட்டு

சார்வாளிடம் இங்கிலீஷ் என்றால் நாலு கட்டம் போட்ட நோட்டு. சொல், நேர்ப் பொருள், உருவகப் பொருள், வாக்கியம். 'டாரண்ட்' என்றால் நேர்ப் பொருள், மலையிலிருந்து பாய்ந்துவரும் வெள்ளம். உருவகப் பொருள், அடக்க முடியாத பேச்சு, அழுகை, இன்னபிற. வாக்கியமும் அவர் சொன்னதுதான். ஏதோ ஒரு ராணி மாளிகைப் படியில் நின்று டாரண்டாகக் கண்ணீர் விடுவாள். முப்பத்தொன்பது நோட்டிலும் அதே ராணி, அதே படி, அதே அழுகை.

வடகரையிலிருந்து நடந்து வருகிற பிச்சையா என் பக்கத்துப் பெஞ்சுக்காரன். அவன் மட்டும், வயலில் மாடு இறங்கினால் தன் அப்பா வாயிலிருந்து வசவு டாரண்டாக வரும் என்று எழுதிவிட்டான். வகுப்பிலேயே உயிருள்ள வாக்கியம் அது ஒன்றுதான். சார்வாள் அதைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிட்டுச் சொன்னார்: "சொந்தமா வாக்கியம் எழுத நீ என்ன வெள்ளைக்காரனாலே?"

குடைக்குள் ஓர் அறிஞர்

இவ்வளவு வெள்ளத்தையும் எங்கள் மேல் கொட்டியவர் குடியிருந்தது இலஞ்சியில். நடக்கிற தூரத்தில் குற்றாலம். அப்படியிருந்தும் ஒருநாள்கூட அருவியில் தலையைக் காட்டியதில்லை. சாரல் விழுந்தால் வகுப்பு ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொல்லிவிட்டு, மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அருவி எப்படி இருக்கும் என்று டிக்ஷனரியைப் பார்த்து வாசிப்பார்.

ஆடிச் சனிக்கிழமை ஒன்றில், உடம்பெல்லாம் எண்ணெயோடு நாங்கள் அருவிக்கு ஓடும்போது ஆளைப் பிடித்துவிட்டோம். ஊர்ச் சனமெல்லாம் தண்ணீருக்கடியில் ஹோவென்று கத்திக்கொண்டிருக்க, இவர் திவலை படாத தூரத்தில் குடை பிடித்து நிற்கிறார். கக்கத்தில் நோட்டு. "சார்வாள், நாங்க பிடிச்சுக்கிடுதோம், ஒரு தரம் உள்ள வாங்க. டாரண்டுன்னா என்னன்னு மண்டைக்கே தெரிஞ்சிரும்" என்றான் பிச்சையா. சார்வாள் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "போலே மூதி! டிக்ஷனரியில இல்லாதது அங்கன என்ன கிடக்கு?"

இன்ஸ்பெக்டர் வந்தார்

குடையை மீறிச் சாரல் வேலையைக் காட்டிவிட்டது. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, சார்வாளுக்குக் குரலே இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. முகம் வெளுத்துப்போய் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். நோட்டு முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவரைப் பரிகாசம் பண்ணுவதற்கென்றே படித்திருந்தேன். அது அவருக்குத் தெரியாது. விரலால் என்னைக் கூப்பிட்டு, நீ நடத்து என்று சாடை காட்டினார்.

பிச்சையா என் காதில், "இன்னைக்கு ஆளைக் காலி பண்ணிருலே" என்றான்.

பண்ணினேன். இல்லாத மப்ளரைச் சுற்றினேன். மூக்கால் உறிஞ்சினேன். "நேர்ப் பொருள் என்னலே? உருவகப் பொருள் என்னலே?" என்று அவர் குரலிலேயே மேஜையைத் தட்டினேன். பிச்சையாவை மூதி என்று வைதேன். ராணியைப் படியில் நிறுத்தி அழவிட்டேன். பையன்கள் சிரிப்பை அடக்க நோட்டைக் கடித்தார்கள். சார்வாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் தலைமையாசிரியர் இன்ஸ்பெக்டர் எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினார்: "தம் போதனையை மாணவன் உள்ளத்தில் இவ்வளவு அச்சாகப் பதித்த ஆசிரியரை நான் கண்டதில்லை. உடனே நிரந்தரமாக்கலாம்."

மற்ற முப்பத்தொன்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிச்சையா பல்லைக் கடித்துக்கொண்டு, "பாவி, அடுத்த வருசத்துக்கும் சேத்து வாங்கித் தந்துட்டியேலே" என்றான்.

மூன்றாம் நாள் சார்வாளுக்குக் குரல் திரும்பியது. நன்றி சொல்லுவார் என்று எழுந்து நின்றேன். மப்ளரைச் சரிசெய்துகொண்டு அவர் சொன்னது: "எல்லாஞ் சரிலே. டாரண்டுக்கு உருவகப் பொருள்ல 'அழுகை'யோட நிறுத்திட்ட, 'இன்னபிற'வை விட்டுட்ட. நூறு தரம் எழுது."

ஆகவே தோழர்களே, வாத்தியாரைப் பரிகாசம் பண்ணுவதானால் கொஞ்சம் மட்டமாகவே பண்ணுங்கள். பிரமாதமாகப் பண்ணிய குற்றத்துக்காக நான் ஆறாவது பாரத்திலும் அதே மப்ளருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.